ஆமாம், கிரேமர் கத்தினார்

எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க எழுத்தாளர் லாரி கிரேமர் எய்ட்ஸ் பற்றி எழுதிய 'தி நார்மல் ஹார்ட்' நாடகத்தை "மைக் வைத்துப் படித்த துண்டறிக்கை" என்று அங்கே பேசிய அண்ணன் சொன்னதும் அரங்கமே சிரித்தது. நல்ல நகைச்சுவை. எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லை.

ஆமாம், அந்த நாடகம் கத்துகிறது. கத்துவதற்குத்தான் எழுதினார். 1985 ஏப்ரலில் நியூயார்க் பப்ளிக் தியேட்டரில் மேடையேறியபோது, வெள்ளையடித்த சுவர்களில் எய்ட்ஸ் நோயாளிகளின் கணக்கை எழுதி வைத்தார்கள். புதுக் கணக்கு வந்தால் பழைய எண்ணை அடித்துவிட்டு அதன் கீழேயே புதியதை எழுதுவார்கள். பத்திரிகைக் கணக்கும் உண்டு. 1982இல் டைலெனால் என்ற வலி மாத்திரையில் யாரோ விஷம் கலந்து 7 பேர் இறந்தார்கள். மூன்று மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் அதைப் பற்றி 54 முறை எழுதியது. எய்ட்ஸ் பரவிய முதல் 19 மாதங்களில் அதே பத்திரிகை அதைப் பற்றி எழுதியது 7 முறை. இதை எந்தச் சுருதியில் சொல்லியிருக்கலாம், அண்ணே?

"கலைக்கு மௌனம் வேண்டும்" என்றீர்கள். 1987இல் அதே நியூயார்க் தெருக்களில் எய்ட்ஸ் பற்றி ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். 'மௌனம் = மரணம்' என்று. சரி, அதுவும் துண்டறிக்கைதான்.

"அவர் உபதேசி, தன்பாலீர்ப்பாளர்களே அவரை ஒதுக்கினார்கள்" என்று ஒருவர் பின்னூட்டத்தில் வருவார், தெரியும். உண்மைதான். நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரியும்வரை உடலுறவை நிறுத்துங்கள் என்று சொல்லித் திட்டு வாங்கியவர். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவ, தன் வீட்டில் கூடிப் பேசித் தொடங்கிய அமைப்பிலிருந்தே 1983இல் வெளியேறினார். ஆனால் அதையும் அவரேதான் நாடகமாக்கினார். அவருடைய சாயலில் வரும் நெட் வீக்ஸை நண்பர்களே வெளியே தள்ளுகிறார்கள், கடிதம் வாசித்து. அவர்கள் பக்க நியாயமும் நமக்குக் கேட்கிறது. எந்தப் பிரச்சாரகர் தன்னையே மேடையில் ஏற்றி அடிவாங்க விடுவார்?

"நீ அந்த ஆள், அதனால் வக்காலத்து." ஆமாம். அடுத்த கேள்வி?

நுட்பம் இல்லையாம். நெட்டின் காதலன் சாகக் கிடக்கிறான், சாப்பிட மறுக்கிறான். தான் வாங்கி வந்த மளிகையை நெட்டே ஒவ்வொன்றாகத் தரையில் வீசுகிறான், பால் உட்பட. அந்தப் பக்கத்தைத் தாண்டவே எனக்கு இரண்டு நாள் ஆனது. அண்ணன் அதுவரை படித்தாரா என்று கேட்கமாட்டேன். மரியாதை இருக்கிறது.

நான் அதிகம் திரும்பப் படித்தது வேறொரு இடம். நாடகத்தில் அந்த அமைப்பின் தலைவனாக வரும் புரூஸின் காதலன் ஊருக்குப் போன இடத்தில் இறந்துபோகிறான். மருத்துவர்கள் இறப்புக்குக் காரணம் எழுதித் தர மாட்டேன் என்கிறார்கள். சடலத்தைக் குப்பைப் பையில் போட்டுப் பின்சந்தில் வைத்துவிடுகிறார்கள். இதை புரூஸ் கத்தாமல்தான் சொல்கிறான்.

2001இல் என் அத்தை மகன் இறந்தான். உடம்பை பிளாஸ்டிக்கில் சுற்றி, முகத்தைக்கூட மூடித்தான் கொடுத்தார்கள். குளிப்பாட்டக் கூடாது என்றார்கள். தூக்குவதற்கு அந்த வார்டில் யாரும் வரவில்லை. நானும் மாமாவும் ஆட்டோக்காரரும் தூக்கினோம். ஆட்டோக்காரருக்கு என்ன நோய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊருக்கு மஞ்சள் காமாலை என்றோம். இருபத்தெட்டு வயது. அவன் பெயரைக்கூட இங்கே எழுத முடியவில்லை, அத்தைக்குத் தெரிந்துவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சிரித்தபோது எனக்கு அந்த ஆட்டோதான் ஞாபகம் வந்தது. எழுந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அண்ணனிடம் "நல்ல பேச்சு" என்றுகூடச் சொன்னேன், வழக்கம்போல.

பின்னூட்டத்தில் அண்ணனைத் திட்ட வேண்டாம். அப்புறம், போன மாதம் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப்போன தம்பி தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.