28 நாள் கணக்கும் 20 மணித்தியாலக் கணக்கும்

போன ஆவணியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரில் அந்த அம்மா ஒவ்வொரு நாளாகப் பேனையால் வெட்டிக்கொண்டு வந்திருந்தார். மகனுக்கு இங்கிலாந்தில் படிக்க இடம் கிடைத்திருந்தது. மாணவர் வீசாவுக்கு வங்கியில் காசு 28 நாள் குறையாமல் கிடக்க வேண்டும். 19 நாள் வெட்டியாகிவிட்டது. இருபதாவது நாள், சிறுபோக அறுவடைக்கு வந்த வெட்டு மிசினுக்குக் கூலி கொடுக்க அப்பா அந்தக் கணக்கிலிருந்தே காசு எடுத்துவிட்டார். இரண்டு நாளில் திருப்பிப் போட்டும் விட்டார். கமக்காரருக்கு அதில் என்ன பிழை தெரியும்? ஆனால் சட்டப்படி, தேவையான தொகைக்குக் கீழே ஒரு நாள் இறங்கினாலும் 28 நாளும் திரும்ப முதலிலிருந்துதான். செப்ரெம்பர் வகுப்பு கைவிட்டுப் போனது. தம்பி இப்போது ஜனவரிக்குக் காத்திருக்கிறான். அதற்குள் தொகையும் கூடிவிட்டது. லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,136 பவுண்ஸ் காட்டினால் போதும் என்றிருந்தது, 2025 நவம்பர் 11 இலிருந்து 1,171. ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்ஸ். எங்கள் காசில் 40 இலட்சத்துக்கு மேல். கட்டாமல் மிச்சமுள்ள முதல் வருடக் கட்டணம் இதற்கு மேலதிகம்.

அந்த வீட்டுக்காரரை நான் குறை சொல்லவே மாட்டேன். யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து விளங்கப்படுத்தவில்லை. எனக்கு நெஞ்சு கொதிப்பது வேறு விசயத்துக்கு.

இந்த 40 இலட்சம் எங்கிருந்து வருகிறது? கனடா மாமாவின் கணக்கில் எவ்வளவு கிடந்தாலும் சரிவராது. மாணவரின் பெயரிலோ, தாய் தகப்பனின் பெயரிலோ இருக்க வேண்டும். வன்னியில் பலருடைய வயல் குடியேற்றத் திட்டத்தில் கொடுத்த பெர்மிட் காணி. நினைத்தபடி விற்கவும் ஏலாது, உறுதிக் காணிபோல ஈடு வைக்கவும் ஏலாது. அப்புறம் என்ன, நகை அடைவுக்குப் போகும், சீட்டு கழிவுக்கு எடுபடும், மிச்சம் வட்டிக்கு. ஐந்து வட்டிக்குப் பத்து இலட்சம் எடுத்தால் மாதம் 50,000 வட்டி மட்டும். "பிள்ளை போய் வேலை செய்து அனுப்புவான்தானே" என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஏஜென்சிக்காரரும் அதையேதான் சொல்கிறார்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். பட்டப்படிப்பு மாணவர் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்ஸ் ஆனது. இருபதால் பெருக்கினால் கிழமைக்கு 244. மாதம் ஏறக்குறைய 1,058. வாழ்வதற்கு மாதம் 1,171 வேண்டும் என்று வீசா கொடுக்கும் ஹோம் ஒஃபிஸே (அங்கத்தைய உள்துறை அமைச்சு) சொல்கிறது! சட்டம் விட்ட முழு நேரமும் வேலை செய்தாலும் அவனுடைய சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்குமே காணாது. வட்டி கட்ட எதை அனுப்புவான்?

நான் அங்கே படித்த காலத்தில் என் அறையில் இருந்தவனும் முல்லைத்தீவுப் பக்கம்தான். வலு கெட்டிக்காரன். வீட்டுக் கடனுக்காக முதலில் ஒரு கடையில் 20 மணித்தியாலம், பிறகு இன்னொரு இடத்தில் கைக்காசுக்கு இரவு வேலை. விடிய ஆறு மணிக்கு வந்து சப்பாத்தும் கழற்றாமல் படுப்பான். ஒன்பது மணி விரிவுரைக்கு அலாரம் அடித்து அடித்து ஓயும். வரவு குறைவு என்று பல்கலைக்கழகம் அனுப்பிய மின்னஞ்சல்கள் மூன்று திறக்காமலே கிடந்தன. அனுமதி கொடுத்த பல்கலைக்கழகம்தான் அங்கே ஸ்பொன்சர். மாணவர் வராவிட்டால் ஹோம் ஒஃபிஸுக்கு அறிவிப்பது அதன் கடமை. வீசாவை 60 நாளாக வெட்டிக் கடிதம் வந்தது. அன்றைக்கு அவன் அழவில்லை. "அண்ணை, வட்டிக்காரனுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்று மட்டும் கேட்டான்.

பலருக்குத் தெரியாத இரண்டு பொறிகளையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரி ஆப் வேலை சுயதொழில், அதனால் மாணவர் வீசாவில் பத்து நிமிடம்கூட ஓடக் கூடாது. வேறொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுவது அதைவிட ஆபத்து. மற்றது, மாஸ்டர்ஸ் படிப்பவருக்குக் கோடைகாலம் விடுமுறை இல்லை. ஆய்வு எழுதும் காலமும் படிப்புக் காலம்தான், 20 மணித்தியாலம் அப்போதும் பொருந்தும்.

வங்கிக் கடிதத்தை "செய்து தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் படியிலேயே எழும்பி வந்துவிடுங்கள். பொய்ப் பத்திரம் பிடிபட்டால் பத்து வருடம் அந்தப் பக்கம் போக முடியாது.

பிள்ளைகள் போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நானே போய்ப் படித்து வந்தவன். வட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். ஒரு வருடம் பிந்தினால் பிந்தட்டும், புலமைப்பரிசிலுக்குப் போட்டுப் பாருங்கள், முதல் பட்டத்தை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ முடித்துவிட்டு யோசியுங்கள். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற மாமாமார், சித்தப்பாமாரிடமும் ஒன்று கேட்கிறேன். கொண்டாட்டத்துக்கு அனுப்பும் காசைப் பெறாமகனின் தகப்பன் கணக்குக்கு, வட்டியில்லாமல், நாலைந்து மாதம் முன்னதாக அனுப்பிவிடுங்கள். அனுப்பிய சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்தப் பிள்ளை இரவில் நித்திரை கொள்ளும், காலையில் வகுப்புக்குப் போகும்.

கலண்டர் வீட்டில் இப்போது இரண்டு வங்கிப் புத்தகம். நெல் காசுக்கு ஒன்று, வீசாவுக்கு ஒன்று. வீசாப் புத்தகத்தை அம்மா சாமி அறையில் வைத்திருக்கிறார். இன்றைக்கு 23 ஆவது நாள்.