பலகையில் நாய்ப் படம் மட்டுமா இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை வீடியோவைப் பார்க்காதவர்கள் இனி யாரும் மிச்சம் இல்லை என்று நினைக்கிறேன். லீஷ் இல்லாத லாப்ரடார், "கடல் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று, கடற்கரையில் நாய்க்குத் தடை என்று சொன்ன காவலரிடம் எகிறிய அதன் உரிமையாளர், கீழே வரிசை கட்டி நிற்கும் இதயங்கள். எல்லாம் சரி. அவர் தோளுக்குப் பின்னால் ஒரு பலகை தெரிகிறதே, யாராவது வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? நாய்ப் படத்தின் மேல் சிவப்புக் கோடு. அதற்கடியில் இரண்டு தேதி, இரண்டு நேரம், தெற்கே காட்டும் ஒரு அம்புக்குறி.

அவர் நின்றது அம்புக்குறிக்குத் தெற்கே. வடக்கே பத்து நிமிடம் நடந்திருந்தால் அந்தக் காவலருக்கு அவரிடம் பேச ஒன்றுமே இருந்திருக்காது.

இதைத்தான் பின்னூட்டத்தில் எழுதினேன். 'நாய் வெறுப்பாளன்' பட்டம் கிடைத்தது. நன்றி.

மறுபடியும் சொல்கிறேன், பலகையைப் படியுங்கள். முழுத் தடை உள்ள கரைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பல இடங்களில் விதி என்பது நான்கு கேள்விக்குப் பதில்: எந்தப் பகுதி, எந்த மாதம், எந்த நேரம், கயிறோடா இல்லாமலா. பிரிட்டனின் பல கடற்கரை ஊர்களில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை தடை. மற்ற மாதங்களில் அதே மணலில் நாய்கள் ஓடும். தூய்மைக்கான சர்வதேசச் சான்றான நீலக்கொடி வாங்கிய கரை என்றால் நாய் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும், அது அந்தச் சான்றிதழின் நிபந்தனை. ஆனால் கொடி அந்த எல்லைக்குள் மட்டும்தான். எல்லை முடியும் இடத்தில் விதியும் மாறலாம்.

"மாதக் கணக்கு எதற்கு? சும்மா அதிகாரத் திமிர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். உப்புக்கொத்தி என்று ஒரு பறவை. மரத்துக்குப் போகாது. மணலில் நெஞ்சை அழுத்தி ஒரு சின்னக் குழி, அதற்குள் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டை. உங்கள் கால் பக்கத்தில் இருந்தாலும் தெரியாது. நாய் மிதிக்கக்கூட வேண்டாம். நாயைக் கண்டதும் அடைகாக்கும் பறவை எழுந்து ஓடிவிடும், உச்சி வெயிலில் முட்டை வெந்துபோகும். அடை ஏறக்குறைய 25 நாள். பொரிந்த குஞ்சு அன்றைக்கே நடக்கும், ஆனால் பறக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். அதுவரை ஆபத்து வந்தால் மணலோடு மணலாகப் படுத்துக்கொள்வது ஒன்றே அதற்குத் தெரிந்த தற்காப்பு. மோப்பத்தால் தேடும் பிராணியிடம் அது எடுபடுமா? முதல் முட்டைகள் அழிந்தால் தாய் மறுபடி இடும். இரண்டு மாதத்தில் முடிய வேண்டிய தடை நாலைந்து மாதமாக நீள இதுவும் ஒரு காரணம். பங்குனி ஆமை வரும் கரை என்றால் ஒரு குழிக்கு ஏறக்குறைய 100 முட்டை, ஒன்றரை அடி ஆழத்தில், 45 முதல் 60 நாள். நாய்க்கு ஒன்றரை அடி தோண்டுவது பெரிய வேலையே இல்லை.

சரி, தடை இருக்கிறது, நாயை எங்கே கொண்டு போவது? இதை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை முடிந்துவிடுமே.

முதல் வழி அதே கடல், பலகை அனுமதிக்கும் வேறு நேரம். ஏற்றவற்ற அட்டவணை எந்தப் போனிலும் கிடைக்கிறது. நீர் முழுதாக வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னும் பின்னும் ஈரமான கெட்டி மணல் வெளியே வந்திருக்கும். அதில் நடங்கள். முட்டைகள் இருப்பது பெரிய அலை தொட்டுப் போகும் கோட்டுக்கு மேலே, காய்ந்த மணலில். கீழே ஈரத்தில் உள்ளான் பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தால் அவற்றின் தலையைக் கவனியுங்கள். மேய்ச்சலை நிறுத்தித் தலையைத் தூக்கினால் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று பொருள். பத்து மீட்டர் கயிறு போதும். ஸ்பிரிங் வைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும் லீஷ் வேண்டாம், மணல் புகுந்தால் பூட்டு பிடிக்காது. கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்பு ஹார்னஸில் மாட்டுங்கள். பத்து மீட்டர் வேகம் எடுத்த நாய் கயிறு முடியும் இடத்தில் கழுத்தோடு நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஏரி, ஆறு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல ஏடு படர்ந்த தண்ணீரில் நாயை இறக்கவே கூடாது. அது நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் ஈரலையும் நரம்பையும் தாக்கும், சில மணி நேரத்தில் உயிர் போகலாம். நீந்தி வந்து ரோமத்தை நக்கினாலே போதும். தேங்கிய குட்டை என்றால் லெப்டோ (எலிக்காய்ச்சல்) தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். ஆற்றில் அணைக்கட்டு மதகு பக்கம் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது வேலி போட்ட நாய்ப் பூங்கா. அதில் சொல்ல அதிகம் இல்லை. வாசலில் ஒன்றை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும்படி இரட்டைக் கதவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உண்மையில் கடலே எல்லா நாய்க்கும் சொர்க்கம் இல்லை. நண்பர் ஒருவரின் பீகிள் நாற்பது நிமிடம் அலையில் பந்து எடுத்தது. அழகான வீடியோ. ஒவ்வொரு முறை கவ்வும்போதும் ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ராத்திரி வாந்தி, பேதி, பிறகு குடிகாரன் நடை. ரத்தத்தில் ஏறிய சோடியத்தை டாக்டர் மெதுவாகத்தான் இறக்கினார். வேகமாக இறக்கினால் மூளை வீங்கும். பிழைத்தது. டென்னிஸ் பந்து நீரையும் மணலையும் பஞ்சுபோல உறிஞ்சும். விழுங்கிய மணல் குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும். பந்துக்குப் பதில் தட்டையாக மிதக்கும் பொம்மையை வீசுங்கள். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்துப் போய், கால் மணிக்கு ஒரு தடவை குடிக்கக் கொடுங்கள். கரையில் செத்துக் கிடக்கும் பேத்தை மீனை மோந்தால் உடனே இழுங்கள், அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. இதை எழுதினால் மட்டும் ஒரு இதயமும் விழாது.

இப்போது வருவார்கள். "தெருநாய்கள் படுத்திருக்கே, அதுக்குப் பலகை யார் காட்டுவாங்க?" நியாயமான கேள்விதான். அதன் கழுத்தில் பட்டை இல்லை, பட்டையின் மறுமுனையில் படித்த மனிதரும் இல்லை. "மனுஷங்க போடாத குப்பையா?" போடுகிறார்கள். அதனால்? "என் நாய் யாரையும் ஒண்ணும் பண்ணாது." உப்புக்கொத்திக்கு அது தெரியாது.

"நாய்க் கழிவை மணலில் புதைச்சிட்டோம், போதாதா?" போதாது. வெயில் படாத மணலுக்குள் கிருமி தண்ணீரில் இருப்பதைவிட நீண்ட நாள் வாழும், உருளைப்புழு முட்டை சில வாரம் கழித்துத்தான் தொற்றும் நிலைக்கே வரும். இளகியிருந்தால் முதலில் காய்ந்த மணலை மேலே தூவுங்கள். பிறகு கெட்டி அட்டையால் அடியில் ஒரு அங்குல மணலோடு சேர்த்து வழித்து இரட்டைப் பையில் கட்டுங்கள். அந்தப் பையை வீடு வரை சுமக்க வேண்டியிருக்கும். ஏனென்றால் பலகை வைத்தவர்களுக்குக் குப்பைத் தொட்டி வைக்கத் தோன்றவில்லை. ஆமாம், அவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. தேதியை எறும்பு எழுத்தில் போட்டு நாய்ப் படத்தை மட்டும் ஆளுயரத்துக்கு வரைந்தால் யார் படிப்பார்கள்? எந்தப் பக்கம் போகலாம் என்று ஒரு வரைபடம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் அடுத்த வருடம் அந்த அம்புக்குறியை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு போட்டால், அதற்குக் காரணம் பலகை வைத்தவர்கள் மட்டும் இல்லை. பையோடு நடந்தவர்களும் சேர்ந்துதான் வெளியே நிற்போம், ஞாயிற்றுக்கிழமை ஹீரோவின் புண்ணியத்தில்.

அவர் என் பின்னூட்டத்தை அழித்துவிட்டார். அதில் இருந்தது அம்புக்குறி எந்தப் பக்கம் என்பதும், அன்றைக்கு நீர் வற்றும் நேரமும்தான்.