மூட்டு வலி போனாலும் பெனிசிலின் ஊசியை நிறுத்தாதீர்கள்
"வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூட்டு வலி போனதும் பெனிசிலினை நிறுத்துங்கள், மாதாமாதம் போட்டால் இதயம் கெடும்" என்று குடியாத்தம், காட்பாடி பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இதயத்தைக் கெடுப்பது நோய், ஊசி அல்ல. வாதக் காய்ச்சலில் (rheumatic fever), தொண்டைத் தொற்று வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கும். அது வடிந்து கணுக்காலுக்குத் தாவும். அப்புறம் வலி போய்விடும், அங்கேதான் ஏமாந்துபோகிறோம். தொண்டைத் தொற்று திரும்பினால் வாதக் காய்ச்சலும் திரும்பலாம், இதய வால்வு (இதயத்தில் ரத்தம் போகும் வழியிலுள்ள கதவு) மேலும் பழுதாகலாம். அதைத் தடுக்கத்தான் 3 அல்லது 4 வாரத்துக்கு ஓர் ஊசி, பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகள்; வால்வு பாதித்திருந்தால் இன்னும் நீளும். ஊசி வலிக்கும், சரி. கடுமையான அலர்ஜி அபூர்வம்.

சந்தேகமிருந்தால் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ 104 மருத்துவ உதவி எண்ணிலோ கேளுங்கள். அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.