கறுவாக் கிட்டங்கியில் ஒரு படுக்கையறை

(லண்டன் டவர் பிரிட்ஜின் தென்கரை. ஷாட் தேம்ஸ் என்ற ஒடுங்கிய தெரு. இரண்டு பக்கமும் உயர்ந்த செங்கல் கிட்டங்கிகள். தலைக்கு மேலே கட்டிடத்துக்குக் கட்டிடம் தாவும் இரும்புப் பாலங்கள். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமிலிருந்து வீடு பார்க்க வந்த தம்பதி, ஏஜென்டுக்காகக் காத்து நிற்கிறார்கள். கணவர் ஒரு மொத்த வியாபாரக் கிட்டங்கியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கணவர்: வாழ்க்கை முழுக்கக் கிட்டங்கியில் மாரடித்தேன். இப்பதான் முதுகு நிமிர்ந்தது. திரும்பவும் கிட்டங்கிக்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்.

மனைவி: இது கிட்டங்கி இல்லையப்பா, லாஃப்ட்.

கணவர்: சாக்குக்குப் பதிலாகச் சனத்தை அடுக்கினால் அதற்குப் பேர் லாஃப்டோ?

மனைவி: விஷயம் தெரியாமல் கதைக்காதேங்கோ. இந்தப் பட்லர்ஸ் வார்ஃப் 1871 முதல் 1873 வரை கட்டினது. தேயிலை, கோப்பி, மிளகு, கறுவா எல்லாம் ஆற்று வழியாக வந்து இங்கேதான் இறங்கினதாம். லண்டனின் களஞ்சிய அறை என்று இந்தப் பகுதிக்குப் பேர்.

கணவர்: ‘இறங்கினதாம்’ என்று லேசாகச் சொல்லுகிறீர். அது என்ன தானாக நடந்து வந்து இறங்கினதோ? மேலே பாரும், அந்த இரும்புப் பாலம். இந்தக் கட்டிடத்தில் இருந்து அந்தக் கட்டிடத்துக்குப் பீப்பாய் உருட்டப் போட்டது. இப்ப அதில் பூச்சாடி வைத்திருக்கிறான்.

மனைவி: அது இப்ப பால்கனி. விலையில் அதுவும் சேர்த்தி.

கணவர்: பிறகு ஏன் மூடினார்கள்?

மனைவி: கப்பல் பெருத்துவிட்டது, கொள்கலன் வந்துவிட்டது, வேலையெல்லாம் டில்பரித் துறைமுகப் பக்கம் போய்விட்டது. 1972இல் மூடினார்கள். கொஞ்சக் காலம் ஓவியர்கள் மலிவு வாடகைக்கு இருந்தார்கள். 80களில் டெரன்ஸ் கான்ரன் என்ற வடிவமைப்பாளர் வந்து எடுத்துத் திருத்தினார்.

கணவர்: அந்த ஓவியர்கள் எங்கே?

மனைவி: அவர்களுக்கு இங்கே இனிக் கட்டுமோ?

கணவர்: பாரும்! வந்து அழகாக்கினவனுக்கே கட்டவில்லை, என்னுடைய பென்ஷன் எந்த மூலைக்கு?

மனைவி: ஈஸ்ட் ஹாம் வீட்டை விற்போம். தோட்டத்துப் புல்லை வெட்டச் சொன்னால் முழங்கால் நோ என்கிறீர்கள். இங்கே புல்லும் இல்லை, வெட்டும் இல்லை. பேர்களைப் பாருங்கோ, எவ்வளவு வடிவு! அது சின்னமன் வார்ஃப். அங்கால் கார்டமம் பில்டிங். மற்றத் தெருவில் குளோவ் பில்டிங்.

கணவர்: கறுவா, ஏலம், கராம்பு. தபால்காரன் இன்னும் நாலு முகவரி வாசித்தால் கறித்தூள் திரிக்கலாம்.

மனைவி: கிட்டங்கியை மூடி கனகாலத்துக்குப் பிறகும் செங்கல்லில் வாசம் இருந்ததாம். குடிவந்த வெள்ளைக்காரர் அதைப் பெருமையாகச் சொல்வார்களாம்.

கணவர்: நல்லது. அதே செங்கல்லுக்குள் நீர் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் தாளித்தால்?

மனைவி: (சற்றுப் பொறுத்து) சமையலறை கொஞ்சம் திறந்த மாதிரித்தான்.

கணவர்: எவ்வளவு திறந்த மாதிரி?

மனைவி: கதவு இல்லை.

கணவர்: சுவர்?

மனைவி: அதுவும் இல்லை. எல்லாம் ஒரே மண்டபம்.

கணவர்: அப்ப அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் என்னதான் இருக்கு?

மனைவி: இடவசதி.

கணவர்: வெள்ளிக்கிழமை விரதம். வியாழக்கிழமை பொரித்த நெத்தலி தலையணைக்குள் இருக்கும். கதவு பூட்டின சமையலறையிலேயே உம்முடைய தாளிப்புக்கு மூன்று முறை அலாரம் அடித்தது. இங்கே அடித்தால் கட்டிடம் முழுக்க இரவு உடுப்போடு இந்தக் கல்லுத் தெருவில் வந்து நிற்கும்.

மனைவி: புகைபோக்கி பூட்டுவோம்.

கணவர்: எங்கே ஓட்டை போடப் போகிறீர்? கிரேட் 2 பாரம்பரியக் கட்டிடப் பட்டியலில் உள்ள கட்டிடம் என்று நீர்தானே பெருமையடித்தீர். யன்னல் மாற்றுவதற்கே சதர்க் கவுன்சிலிடம் அனுமதி கேட்கவேணும். நூறு வருஷம் கறுவா மணந்தால் அது பாரம்பரியம். நான் ஒரு நாள் நண்டுக்கறி வைத்தால் அது முறைப்பாடு. மனேஜ்மென்ட் கடிதம் போடும். அந்தக் கடிதத்துக்கான செலவையும் சர்வீஸ் சார்ஜில் எங்களிடமே வாங்கும்.

மனைவி: எல்லாத்துக்கும் ஒரு நொட்டை.

கணவர்: குத்தகையைப் பார்த்தீரோ? 80களில் எழுதின 125 வருஷம். அதில் நாற்பது கரைந்துவிட்டது. மிச்சம் 80 வருஷத்துக்குக் கீழே இறங்கினால் நீட்டிக்கிற செலவு ஏறும். சரி, கோயிலுக்கு எப்படிப் போகிறது?

மனைவி: டவர் பிரிட்ஜைக் கடந்தால் டவர் ஹில். டிஸ்ட்ரிக்ட் லைன் நேரே ஈஸ்ட் ஹாம்.

கணவர்: அந்தப் பாலத்தை வருஷத்துக்கு எண்ணூறு முறை அளவில் தூக்குகிறான். ஒரு நாளுக்கு முன்னம் அறிவித்தால் போதும், பாய்மரப் படகுக்காரனுக்குக் காசில்லாமல் தூக்குவான். நான் இரண்டு கையிலும் மீன் பையோடு நடுத்தெருவில் நிற்கவேணும்.

மனைவி: படகு போகிற வடிவைப் பாருங்கோவன்.

கணவர்: ஐஸ் உருகுகிற வடிவையும் பார்க்கலாம்.

(ஏஜென்ட், இருபத்தைந்து வயதுத் தமிழ்ப் பையன், திறப்போடு ஓடி வருகிறான். மூவரும் மேலே போகிறார்கள். பூசாத செங்கல் சுவர், உயர்ந்த கூரை, மண்டபத்துக்கு நடுவில் ஒரு வார்ப்பிரும்புத் தூண். பெரிய யன்னலுக்கு வெளியே தேம்ஸ்.)

மனைவி: ஆற்றைப் பார்த்தீர்களோ! இங்கே இருந்து ஒரு தேத்தண்ணி குடித்தால் போதாதா?

கணவர்: சாமியறை எங்கே?

மனைவி: தூண் இருக்கே. தூணிலும் இருப்பார்.

(கணவர் தூணை விரல் கணுவால் தட்டுகிறார். காது வைத்துக் கேட்கிறார். இன்னொரு முறை தட்டுகிறார். முகம் மாறுகிறது.)

கணவர்: அசல் சாமான். இந்தத் தளம் தேயிலைப் பெட்டி தாங்கின தளம். உயரத்தைப் பாரும், ஒரு அங்குலமும் வீண் போகாது.

மனைவி: பிடித்திருக்கா?

கணவர்: எங்கள் கிட்டங்கியில் இப்படி ஒரு தளம் கிடைத்திருந்தால் எப்பவோ மனேஜராகியிருப்பேன். 20 கிலோ அரிசி மூட்டை இந்தச் சுவரோடு, ஐந்து ஐந்தாக. ஈரம் அண்டாமல் கீழே பலகை. பருப்பு அந்தப் பக்கம். தேங்காய்ப்பால் டின் யன்னலோரம்.

மனைவி: இருக்கிறது நாங்கள் இரண்டு பேர். எதற்கு அவ்வளவு அரிசி?

கணவர்: மலிவு போடும்போது வாங்கி வைக்கவேணும். இவ்வளவு நாளும் இடமில்லை என்று நீர்தானே தடுத்தீர்.

மனைவி: நான் ஆறு பார்க்க வந்தனான்.

கணவர்: மூட்டைக்கு மேலே ஏறியிருந்து பாரும், இன்னும் வடிவாகத் தெரியும்.

மனைவி: (கைப்பையை எடுத்துக்கொண்டு) எழும்புங்கோ, போவம். எனக்கு ஈஸ்ட் ஹாமே போதும். அங்கே சமையலறைக்குக் கதவாவது இருக்கு.

கணவர்: பொறும் பொறும். தம்பி, வெளிச்சுவரில் பாரந்தூக்குகிற கொக்கி ஒன்று தொங்குதே, அது இப்பவும் வேலை செய்யுமோ?