பெயரும் பீடும்

போன வைகாசியில் செய்யாறு பக்கம் ஒரு ஊரில் பாரதக் கூத்து. அன்றைக்குப் பதினெட்டாம் போர், துரியோதனன் விழுகிற கடைசி நாள். வேஷம் கட்டும் கொட்டகைக்குள் தலையை நீட்டினேன். துரியோதனன் வேஷத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் இருந்த பேரனிடம் போனை வாங்கி, எதையோ தேடி எடுத்து என் முன்னால் நீட்டினார்.

2016இல் நான் எடுத்த படம். பாதி முகத்தில் சிவப்பு, மீதி முகத்தில் வெறும் தோல், கையில் சின்னக் கண்ணாடி. அவர்தான். படத்தின் மேல் யாரோ மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தார்கள்: "அழிந்து வரும் கலை. பெயர் தெரியாத கலைஞன்."

"இன்னா தம்பி இது? எனுக்கா பேர் தெரியாது? முப்பது வருசமா இந்த வேஷம் கட்டறன். செய்யாறுல எறங்கி எந்த ஊருக்குள்ள போயி கேட்டாலும் என் பேரச் சொல்லுவாங்க. உனுக்குத்தான் தெரியல. ஏன்னா நீ கேக்கல."

அந்த மஞ்சள் எழுத்து என்னுடையது இல்லை. ஆனால் நான் முதலில் போட்ட பதிவில் என்ன எழுதியிருந்தேன் என்று அங்கேயே திறந்து பார்த்தேன். "கூத்துக் கலைஞர், செய்யாறு அருகே." அவ்வளவுதான். பேர் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டது நான். வேறொருவர் வந்து அதில் 'பெயர் தெரியாத' என்று நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். திருவண்ணாமலை, செங்கம், தண்டராம்பட்டு, சேத்துப்பட்டு, வந்தவாசி. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஏரிக்கரை வழியாக, மண் பாதை முடிகிற இடம் வரை போவேன். சூளை வைக்கிறவர்கள், கூடை முடைகிறவர்கள், கூத்தாடுகிறவர்கள், நடவில் பாடுகிறவர்கள் என்று எடுத்துச் சேர்த்த படங்கள் சில ஆயிரம் இருக்கும். அன்று இரவு கூத்து முடிந்து, விடிகாலையில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருக்க, நான் களத்து ஓரத்தில் உட்கார்ந்து போனில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். முதல் நான்கைந்து வருடத்துப் படங்களில் பத்தில் ஒன்றுக்குக்கூடப் பேர் இல்லை. "பாட்டி, தண்டராம்பட்டு." "மண்பாண்டத் தொழிலாளி." "கிராமத்து முகம்."

அதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தது. என்னைப் போலக் கேமராவோடு சுற்றுகிற தம்பி தங்கைகள் இன்று நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான்.

எங்கள் பக்கத்தில் நடுகல்லை, அதாவது வீரச் சாவு அடைந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் நட்ட கல்லை, தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஊருக்குள் போய் "நடுகல் எங்கே இருக்கு" என்று கேட்டால் ஒருவரும் கை காட்ட மாட்டார்கள். "வேடியப்பன் கோயில் எங்கே" என்று கேட்டால் ஆடு மேய்க்கிற சிறுவன்கூடக் கூட்டிப்போய்க் காட்டுவான். புளிய மரத்தடியில், மஞ்சளும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய கல். வில்லோடோ வாளோடோ ஒரு ஆள். மேலே வட்டெழுத்து என்னும் பழைய எழுத்து. எழுத்தை வாசிக்க ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஊருக்கு நாலு பேராவது வேடியப்பன், வேடி என்று இருப்பார்கள்.

தண்டராம்பட்டு வட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே கிடைத்த நடுகல் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய் இறந்தவன் ஒருவனுக்கு எடுத்தது. அவன் பேர் கருந்தேவக்கத்தி என்று கல் சொல்கிறது. எந்த அரசன் காலம், யாருடைய ஆள், அவன் பேர் என்ன, எதற்காக இறந்தான் என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் தனியாக எழுதியிருக்கிறார்கள்.

கோவிவன். ஒரு நாயின் பேர். இரும்பு உளியை வைத்துக் கல்லில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி எழுத வேண்டிய 7ஆம் நூற்றாண்டில், அந்த நாய்க்குப் பேர் இருந்தது என்று சொல்லாமல் விடக் கூடாது என யாருக்கோ தோன்றியிருக்கிறது. இந்தளூரில் சண்டையில் செத்த சேவலுக்கு ஒரு கல் உண்டு. கீழ்ச்சேரிக் கோழி பொற்கொற்றி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கோழிக்கும் தெருப் பேர், சொந்தப் பேர் இரண்டும்.

2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த நடுகல் இன்னும் பழையது. தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்து. "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்." ஆகோள் என்றால் ஆநிரை கவர்வது. கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் பட்ட தீயன் அந்தவனின் கல். பேர், ஊர், நடந்தது. ஏழே சொல்லில் படக்குறிப்பு முடிந்தது. அகநானூறும் இதைத்தான் சொல்கிறது: "பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்." அதர் என்றால் வழி. வழிதோறும் கல் நட்டு, முதலில் பேரை எழுதியிருக்கிறார்கள், அப்புறம்தான் பெருமையை. அதே வழிகளில் இன்று நாம் வண்டியில் போகிறோம். பீடு மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறோம். "என்ன ஒரு முகம்!" "எத்தனை சுருக்கங்கள், எத்தனை கதைகள்!" பேர் மட்டும் இல்லை.

ஆளைப் படம் எடுத்துப் பேரை விடும் இந்தப் பழக்கம் நம் மரபில் வந்ததில்லை என்றே நினைக்கிறேன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. இன்றைக்கும் பலர் அதைத் திறந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் அவர் கருவிகளோடு போய் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர். அதில் உள்ள படங்களின் கீழே சாதிப் பேர் இருக்கும், ஆளின் பேரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஒரு மனிதன் தன் கூட்டத்துக்கு ஒரு மாதிரி, அவ்வளவுதான். "கிராமத்துப் பாட்டி" என்று நான் எழுதியபோது கருவி என் கையில் இல்லை. பார்வை அதேதான்.

அதே காலத்தில் உ.வே.சா. ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். அவர் பதிப்புகளின் முகவுரையைப் புரட்டுங்கள். எந்த ஏடு எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்று பேர் பேராக இருக்கும். கவிராயர், மடத்தார், வீட்டுப் பரணில் சும்மா கட்டி வைத்திருந்தவர் என்று எல்லோரும். நமக்கு முன்னே ரெண்டு வழியும் இருந்திருக்கிறது.

பெண்களிடம் பேர் கேட்பது இன்னும் கஷ்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு நடவில் ஒரு ஆயா பாட்டெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். வரப்பில் உட்கார்ந்து போனில் பதிவு செய்தேன். முடிந்ததும் பேர் கேட்டேன். கூட இருந்தவர்கள் பிள்ளையின் பேரைச் சொல்லி "இன்னாரோட அம்மா" என்றார்கள். இன்னொருத்தர் அவர் பிறந்த ஊரைச் சொல்லி, "நாங்க அப்பிடித்தான் கூப்புடுவோம்" என்றார். "உங்க பேர் என்ன ஆயா?" என்று அவரையே கேட்டேன். கொஞ்ச நேரம் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த பேத்தி, "ஆயா, உன் பேர் அதுவா?" என்று கேட்டாள். ரேஷன் கார்டிலும் நூறு நாள் வேலை அட்டையிலும் மட்டும் இருந்த பேர் அன்றைக்கு வயல்காட்டில் ரெண்டு மூன்று தடவை சொல்லப்பட்டது.

இன்னொன்றும் அன்றைக்குத் தெரிந்தது. அந்தப் பாட்டுக்கு நான் "பாரம்பரிய நடவுப் பாட்டு" என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். மெட்டு பழையது, சரி. ஆனால் ஏரி மதகு உடைந்ததையும் இவர்கள் தலையில் மண் சுமந்து அடைத்ததையும் சொல்லும் அடிகள் அந்த ஆயாவே கட்டியவை. மதகு உடைந்த வருடம்கூடச் சொன்னார். நான் கேட்காமல் வந்திருந்தால் ஒரு கவிஞரின் பாட்டை 'மரபு' என்ற மூட்டையில் போட்டுக் கட்டியிருப்பேன். மரபு, நாட்டுப்புறம், வாய்மொழி என்ற சொற்களை எழுதும்போதெல்லாம் எனக்கு இப்போது கை தயங்குகிறது. அந்தச் சொற்களுக்குப் பின்னால் எழுதினவர் பேர் எத்தனை மறைந்து கிடக்கிறதோ.

"பேர் கேட்டால் இயல்பு கெட்டுவிடும், அவர்கள் விறைத்துவிடுவார்கள்" என்பார்கள் சில நண்பர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஐந்து நிமிடம் விறைப்பாக இருப்பார்கள், உண்மை. பிறகு "நீ எந்தூரு, யாரு வூட்டுப் புள்ள" என்று நம்மைக் கேட்பார்கள். நம் பேர், நம் அப்பா செய்த வேலை, கல்யாணம் ஆயிற்றா, எல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லுங்கள். அது நியாயமான கொடுக்கல் வாங்கல். அதற்குப் பிறகு எடுக்கிற படத்தில் அவர் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறு.

ஆனால் பேர் கேட்பதும் பேரை வெளியிடுவதும் ஒன்றில்லை. ஒரு சாவு வீட்டில் பறை அடித்துக்கொண்டிருந்த ஒருவரை எடுக்கப் போனேன். அடி அப்படி ஒரு அடி. குச்சியை நிறுத்திவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எடுக்காதீங்க சார். பையன் டவுன்ல காலேஜ் படிக்கறான். அவன் கூட்டாளிங்க யாரும் பாத்துடப் போறாங்க." எனக்கு அது கலை. அவருக்கு, வேண்டாம் என்று சொல்ல வழி இல்லாமல் தலைமுறையாய்ச் சுமத்தப்பட்ட வேலை. மேடையில் பெருமையோடு பறை அடிக்கிற இளைஞர்களைப் பார்க்கிறேன், மனசு நிறைகிறது. அவர்கள் அதைத் தாங்களாகத் தேர்ந்து எடுத்தவர்கள். இவருக்கு அந்தத் தேர்வு கிடைக்கவில்லை. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு அவரோடு டீ குடித்துவிட்டு வந்தேன். நம் ஊரில் பேர், தெரு, தொழில் மூன்றும் சேர்ந்தால் சாதி வெளியே வந்துவிடும். அதனால் பேரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்ட பிறகும், "இதப் போடலாமா?" என்று இன்னொரு தரம் கேட்டே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் படமும் வேண்டாம். அழகான படம் போயிற்றே என்று வருத்தப்படுவதற்கு அந்தப் படம் நம் சொத்தில்லை.

இப்போது நான் செய்வது ரொம்பச் சாதாரணம். ஒலிப்பதிவைத் தட்டியதும் அவரையே பேச வைக்கிறேன்: தன் பேர், ஊர், யாரிடம் கற்றுக்கொண்டார், அன்றைக்கு என்ன தேதி. கோப்பு எங்கே போனாலும் அந்தக் குரலிலேயே அந்தப் பேரும் கூடப் போகும், யாரும் பிரிக்க முடியாது. படங்களுக்கு ஒரு நீள நோட்டு. வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டதெல்லாம் தொலைந்துபோனது, அதனால் அங்கேயே எழுதுகிறேன். அப்புறம் மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, அடுத்த தடவை எடுத்துப் போகிறேன். இந்த இரண்டாவது பயணத்தில்தான் பாதி விஷயம் கிடைக்கிறது. படத்தைக் கையில் வாங்கியதும், "இவரு எங்க சித்தப்பா, இவருதான் எனக்கு முகவீணை சொல்லிக் கொடுத்தாரு" என்று பின்னால் நிற்கிறவர்களைக் காட்டுவார்கள். நான் கவனிக்காமல் படத்தின் ஓரத்தில் விட்ட ஆட்கள் அவர்கள்.

துரியோதனன் வேஷம் கட்டும் பெரியவரின் பேர் இந்தப் பதிவில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அவரிடம் கேட்டேன். "படத்துக்குக் கீழ என் பேரப் போடு. ஆனா நான் உன்னக் கோவிச்சிக்கிட்டத எழுதற எடத்துல வேணாம். ஊருல வேற மாதிரி பேசுவாங்க" என்றார். அதனால் இங்கே இல்லை.

படுகளம் முடிந்து வேஷம் கலைத்த பிறகு, அந்தப் பழைய படத்துக்கு என்ன எழுதலாம் என்று கேட்டபடி நோட்டைத் திறந்தேன். முதலில் தன் பேரைச் சொல்லவில்லை. வாத்தியார் பேரைச் சொன்னார், அவருக்கு வாத்தியார் பேரையும் சொன்னார். பிறகு ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின் பேர். பிறகு தன் பேர், இன்ஷியலோடு. பின்பாட்டு, மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், கட்டியங்காரன் என்று ஒவ்வொருவராகக் கை காட்டினார். வாசலில் சாமான் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்த பையனைப் பார்த்ததும், "அவன் பேரையும் எழுதிக்கோ. பொட்டி வரலன்னா வேஷம் ஏது" என்றார். படம் எடுத்த அன்றைக்கு இருந்து இப்போது ஜமாவில் இல்லாதவர்கள் ரெண்டு பேரை யோசித்து யோசித்துச் சேர்த்தார். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தேன். வாத்தியார்களோடு சேர்த்துப் பதினாறு பேர்.

2016 பதிவைத் திருத்தி அந்தப் பதினாறு பேரையும் போட்டிருக்கிறேன். மஞ்சள் எழுத்துப் போட்ட படம் உங்களில் யார் பக்கத்திலாவது இன்னும் இருந்தால், தயவுசெய்து அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.