கேட்டால் சொல்ல மாட்டார்களா என்று கேட்பவர்களுக்கு

நீலகிரியில் எங்கள் பஸ் ஸ்டாப்பில் புதிதாக மாட்டிய போர்டில் பஸ் நேரம் இல்லையே என்று நான் போட்ட நாலு வரிக்கு இத்தனை பேர் கொதிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. சரி, விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

பெயின்டில் எழுதியிருந்த பழைய நேர அட்டவணை மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு, அங்கே கலர் கலராக ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. படகு இல்லம், ரோஜாப் பூங்கா, தொட்டபெட்டா எல்லாம் உண்டு. கீழே ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் மறுபடியும் படகு இல்லம். மஞ்சூருக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு? அது மட்டும் எங்கேயும் இல்லை. நான் கேட்டது அதைத்தான். பஸ் நேரத்தை பஸ் நிற்கிற இடத்தில் எழுதி வையுங்கள். இதில் யாரையும் அவமதிக்க என்ன இருக்கிறது?

"கேட்டால் சொல்வார்களே, வாய் இல்லையா?" இந்தப் பதிலுக்குத்தான் லைக் அதிகம். கேட்காமலா இருக்கிறோம்? கேட்டால் கிடைக்கும் பதில் "வரும், நில்லுங்க." டிரிப் கட் ஆகியிருந்தாலும் "வரும்"தான்.

போன மழைக்காலத்தில் அம்மா கண் பரிசோதனைக்கு டவுனுக்குப் போயிருந்தார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. சொட்டு மருந்து விட்டு அனுப்பியிருந்தார்கள். அது விட்டால் சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருக்கிற எழுத்துகூடக் கலங்கும். வாய் இருக்கிறதே, கேட்டார். "தம்பி, இது எங்க ஊர் வழியா போகுமா?" கூட்டத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் நிமிராமலே, "போர்டு பார்த்து ஏறும்மா" என்றிருக்கிறார். பார்த்தாலும் பிரயோஜனம் இல்லை. போர்டில் போய்ச் சேரும் ஊர் மட்டும்தான், எந்த வழி என்று இல்லை. அது வேறு வழி வண்டி. பாதியில் இறங்கி, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, பச்சைத் தேயிலை ஏற்றி வந்த ஒரு பிக்கப்பில் வீடு வந்து சேர்ந்தார். உடனே "கண்டக்டர்களைக் குறை சொல்கிறாள்" என்று ஆரம்பிக்க வேண்டாம். நாள் முழுக்க ஒரே கேள்விக்குப் பதில் சொன்னால் யாருக்கும் அலுக்கும். சுவரில் எழுதியிருந்தால் அவரையும் யாரும் கேட்கப் போவதில்லை.

"மலையில் மழை, மண் சரிவு, நேரம் எழுதினால் அதன்படி ஓடுமா?" இது நியாயமான கேள்வி. ஓடாதுதான். சீசனில் மேட்டுப்பாளையம் போகிற வாகனங்களைக் குன்னூர் வழியாக விடாமல் கோத்தகிரி வழியாக இறக்குவார்கள், அப்போது குன்னூர்க்காரர்கள் கணக்கெல்லாம் தலைகீழாகும். ஆனால் கால் மணி நேரம் முன்னே பின்னே வரும் என்று தெரிவது வேறு, வருமா வராதா என்றே தெரியாமல் நிற்பது வேறு. ஆறு மணிக்கு இருட்டி, பனி இறங்கி, காட்டெருமை ரோட்டுக்கு வருகிற ஊரில் இந்த வித்தியாசம் சின்னதில்லை. டூட்டி போடுவதற்கென்றே டெப்போவில் அட்டவணை இருக்கிறதே, அது என்ன ராணுவ ரகசியமா?

"ஆப் வரப்போகிறது, பொறு." வரட்டும். கூகுள் மேப் மாதிரியானவை படிக்கிற வடிவில் பஸ் நேரத்தைக் கொடுக்க ஜிடிஎஃப்எஸ் என்று ஒரு முறை உண்டு. 2005ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்கள்: எந்த ஸ்டாப், எந்த வண்டி, எத்தனை மணி. கொச்சி மெட்ரோ 2018லேயே அப்படிக் கொடுத்துவிட்டது. ஆனால் அதற்கும் முதலில் யாராவது நேரத்தை எழுத வேண்டுமே! அப்புறம் குந்தா பள்ளத்தாக்கில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று எங்களைக் கேளுங்கள், ஒவ்வொரு பாறையாகக் காட்டுகிறோம்.

வரைபடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லண்டன் சுரங்க ரயிலுக்கு 1931ல் ஹாரி பெக் ஒரு படம் போட்டார், 1933ல் அச்சிட்டார்கள். தேம்ஸ் நதியைத் தவிர தரைமேல் இருக்கிற எல்லாவற்றையும் தூக்கிப்போட்டார். எதற்கு அடுத்து எந்த ஸ்டேஷன், எங்கே இறங்கி மாறுவது, அவ்வளவுதான் மிச்சம். பயணிக்கு வேண்டியது அது. இங்கே தலைகீழ். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு ஒரு குட்டிக் கோடு. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகள் அதற்குள் இருக்கின்றன. கூடலூர் வழியாகச் சுற்றிப் போகிற வண்டிக்குத் தனிக் கோடே இல்லை. மலையில் கிலோமீட்டரை நம்பி யார் கிளம்புவார்கள்?

இந்தப் படம் எங்களுக்காகப் போட்டதே இல்லை, அதுதான் விஷயம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு மலை ரயில் கிளம்பும் என்று ஊர் உலகத்துக்கே தெரியும். எங்கள் ஊரில் நைட் ஹால்ட் போட்டு விடியலில் கிளம்புகிற வண்டியின் நேரம் எங்கள் ஊருக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. வாகன நெரிசல் என்று நீதிமன்றம் சொல்லி 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. அரசு பஸ்ஸில் வந்தால் அது தேவையில்லை. நல்லது, ஆனால் எந்த பஸ், எப்போது என்று சொல்லாவிட்டால் சுற்றிப் பார்க்க வருகிறவனும் காரில்தானே வருவான்?

கடைசியாக அந்த கமென்ட். "ஓசி டிக்கெட்டில் போகிறவர்களுக்கு டைம் டேபிள் வேறயா?" பேர் போடவில்லை, போட்டவருக்குத் தெரியும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் கீழே சமவெளியில் 2021ல் வந்தது. மலைக்கு 2024ல்தான் வந்தது. அதுவரை முழு டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் இதே ஸ்டாப்பில், இதே "வரும், நில்லுங்க"வைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அப்போது யார் எழுதிப்போட்டார்கள்? தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் போகிறவர்கள் நாங்கள். எங்கள் நேரத்துக்கு மட்டும் விலை கிடையாதா? இதை எழுதும்போதுகூடக் கை நடுங்குகிறது, போகட்டும்.

உங்கள் ஊர் வண்டி நேரம் தெரிந்தவர்கள் கீழே போடுங்கள். எந்த வழி, கடைசி வண்டி எது என்று தெளிவாக எழுதுங்கள். பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் ஒட்டப் போகிறேன்; அண்ணாவிடம் பேசிவிட்டேன், சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை ஓடாத வண்டி என்றால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.