சென்சார் அளப்பது ரத்தத்தில் அல்ல

“சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டும் சென்சார் ரத்தத்திலேயே நேரடியாகச் சர்க்கரையை அளக்கிறது, விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரைத் தூக்கிப் போடுங்கள்” என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதியே தவறு. சென்சாரில் இருக்கும் மெல்லிய இழை ரத்தக் குழாய்க்குள் போவதில்லை. தோலுக்கு அடியில், செல்களுக்கு இடையே இருக்கும் நீரில்தான் குளுக்கோஸை அளக்கிறது. ரத்தத்தில் ஏறியது அங்கே தெரிய 5 முதல் 15 நிமிடம் வரை பிடிக்கும். சர்க்கரை நிலையாக இருக்கும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, சாப்பிட்டவுடன் தெரியும்.

காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் ஆச்சி கவுனி அரிசி இனிப்பு சாப்பிட்ட அரை மணியில் சென்சார் 168 காட்டியது, விரலில் குத்தினால் 194. “மிஷின் பொய் சொல்லுது” என்றார். பொய் இல்லை ஆச்சி, பின்னாலேயே நடந்து வருது! (கவுனி உடம்புக்கு நல்லதாம். சரி, அதில் கொட்டிய சீனி?)

அப்புறம், சென்சார் இருக்கும் கைப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அது அழுந்தி, இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டும். ராத்திரி 2 மணிக்கு 58 என்று அலாரம் அடித்து வீடே எழுந்துவிட்டது. விரலில் 104. ஆச்சி புரண்டு படுத்த கொஞ்ச நேரத்தில் சென்சாரும் ஏறிவிட்டது.

தினமும் நாலு முறை குத்துவது குறையும், அது உண்மை. ஆனால் படபடப்பும் வியர்வையுமாக இருந்து சென்சார் ‘நார்மல்’ என்றால், நம்பி உட்காராமல் விரலில் குத்திப் பாருங்கள். புது சென்சார் ஒட்டிய முதல் நாளும் அப்படித்தான்.